நெய்த்தானத்துக்கு ஒரு வரலாறு வேண்டும்

ஜெர்மனியில் ஆயிரம் பேர்கூட வாழாத சிற்றூர்கள் பலவற்றுக்கும் ஊர்வரலாற்று நூல் ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியரோ பாதிரியாரோ எழுதியிருப்பார், ஊராட்சி அச்சிட்டிருக்கும். ஊர்ப்பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில் வருகிறது, முப்பதாண்டுப் போருக்குப் (1618-1648) பின் எத்தனை வீடுகள் எஞ்சின, எந்த ஓடை எந்தப் பக்கம் திருப்பப்பட்டது, எந்த வயலுக்கு என்ன பெயர் என்றெல்லாம் அதில் இருக்கும். இலக்கியமாகப் பார்த்தால் இவை பெரும்பாலும் அலுப்பூட்டுபவை. ஆனாலும் அந்த அலுப்புக்காக நான் பொறாமைப்படுகிறேன். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் எழுத்துச் சான்று உள்ள ஊர்கள் திருவையாற்றைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றுக்குத் தலபுராணம் உண்டு, பதிகம் உண்டு, கல்வெட்டு உண்டு. ஊர்வரலாறு மட்டும் இல்லை.

தில்லைஸ்தானத்தை எடுத்துக்கொள்வோம். திருவையாற்றுக்கு மேற்கே 2 கிலோமீட்டர், காவிரியின் வடகரை. இன்றைய பெயரைக் கேட்பவர்கள் சிதம்பரத்தை நினைத்துக்கொள்வார்கள். பழம்பெயர் திருநெய்த்தானம், இறைவன் நெய்யாடியப்பர். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். தஞ்சையிலிருந்து வருகிறவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்தையும் கடந்துதான் இந்தக் கரைக்கு வரவேண்டும்.

இக்கோயிலில் முற்காலச் சோழர் கல்வெட்டுகள் நிறைய உள்ளன. அவற்றுள் ஒன்றை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். இராசகேசரிவர்மனான சோழனும் சேரமான் தாணு இரவியும் சேர்ந்து விக்கியண்ணன் என்பவனுக்குச் செம்பியன் தமிழவேள் என்ற பட்டத்தையும் சிவிகை, சாமரம் முதலிய சிறப்புகளையும் அளித்ததை அது சொல்கிறது. அந்தச் சோழன் முதலாம் ஆதித்தன் என்று கொள்வர். சேர சோழ நட்புக்கு இது முதன்மைச் சான்று. கல்வெட்டின் எழுவாயோ விக்கியண்ணன் அல்லன். அவன் மனைவி கடம்பமாதேவி. கோயிலில் விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்தவள் அவள். நம் பாடநூல்கள் அரசர் இருவரையும் எடுத்துக்கொண்டு அவளையும் ஆடுகளையும் விட்டுவிட்டன.

எனக்கு அந்த ஆடுகளில்தான் அக்கறை. ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள், நாளொன்றுக்கு உழக்கு நெய் என்பது அக்காலத்துப் பொதுவழக்கு. ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள்: எண்ணிக்கை குறையக்கூடாது, கிழடு தட்டக்கூடாது. ஒரு விளக்குக்கு இவ்வளவு என்றால், விளக்குக் கொடைகள் பெருகிய இந்தப் பக்கத்துக் கோயில்களுக்கு ஆயிரக்கணக்கான ஆடுகள் வேண்டும். அவை எங்கே மேய்ந்தன? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், ஆற்றோரத்தில் வாழையும் கொடிக்காலுமாக இருக்கும் இன்றைய நிலத்தில் அவற்றுக்கு இடமில்லை. அறுவடை முடிந்த தாள்களில் கிடை போட இராமநாதபுரத்துக் கீதாரிகள் கோடையில் ஓட்டிவந்தால்தான் ஆட்டுமந்தையையே பார்க்கிறோம். அப்படியானால் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இங்கே மேய்ச்சல் நிலம் இருந்திருக்க வேண்டும். கொள்ளிடத்துப் படுகையும் திருத்தப்படாத மேட்டுநிலமும் இன்றைவிடப் பல மடங்கு விரிந்திருக்க வேண்டும். ‘சோழவளநாடு சோறுடைத்து’ என்று நாம் சொல்லிப் பழகிய அந்த நெல்வெளி எந்த நூற்றாண்டில், எந்த வாய்க்கால் வெட்டப்பட்ட பிறகு, யார் உழைப்பால் உண்டானது? ஊர்வரலாறு கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே. பெயரிலேயே நெய்யை வைத்திருக்கும் ஊரில் இதைக் கேட்காமல் வேறெங்கே கேட்பது?

நம்மிடம் நிலவியல் உணர்வு இல்லாமலில்லை. சித்திரையில் நடக்கும் ஏழூர்த் திருவிழாவே ஒரு நிலப்படம். ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம் சென்று, ஆற்றைக் கடந்து திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி வழியாக மீண்டும் காவிரியைக் கடந்து நெய்த்தானம் வந்து திரும்புகிறது. ஆறுகள் வறண்டு மணலாய்க் கிடக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுத்த முன்னோர் நீரியல் அறிந்தவர்கள். மேட்டூர் அணை (1934) வருவதற்கு முன்பும் அந்த மணலில் நடந்தார்கள், பின்பும் நடக்கிறார்கள். இந்தக் கால்வழி அறிவை ஏட்டில் இறக்கத்தான் நமக்கு மனமில்லை.

இசையுலகம் இந்த ஊரை வேறு வகையில் அறியும். தியாகராசர் சீடர் இராம ஐயங்கார் இவ்வூர்க்காரர். அவர் வழிவந்த நரசிம்ம பாகவதர் 1908இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவருக்கும் தம்பி பஞ்சு பாகவதருக்கும் நேர்ந்த பிணக்கில்தான் ஆராதனையில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்ற பிரிவு தோன்றியது. இது பலராலும் எழுதப்பட்டுவிட்டது, போதும்.

எழுதப்படாதது கிழக்கிலும் மேற்கிலும் உள்ள மற்றத் தெருக்கள். தலபுராணத்தில் அவர்கள் இல்லை. கல்வெட்டில் பெரும்பாலும் கொடையாளரும் சபையாரும்தான் பேசுகிறார்கள். இங்கே ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். திருவையாற்றை ஒட்டிய காவிரிக்கரை ஊர் ஒன்றில் 1961-62இல் தங்கி ஆய்ந்த ஆந்த்ரே பெத்தேல், அதற்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயரிட்டு 1965இல் ஒரு நூல் வெளியிட்டார். சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் எப்படி ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின என்பதை அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்ற மூன்று பகுதிகளின் வழியாக அவர் காட்டினார். 349 வீடுகள், அவற்றில் பிராமணர் வீடுகள் 92, பிராமணரல்லாதார் 168, ஆதிதிராவிடர் 89. உலகப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் மாணவர் அந்நூலைப் படிக்கிறார்கள். எந்த ஊர் என்று ஊகிப்பது இந்தப் பகுதியாருக்குக் கடினமன்று. ஆனால் அந்த 349 வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியொரு நூல் இருப்பதே தெரியாது. புனைபெயர் ஆய்வறத்தின்பாற்பட்டது, அதில் எனக்குக் குறையில்லை. ஊரார் தாமே எழுதியிருந்தால் அங்கே புனைபெயருக்குத் தேவை இருந்திராது.

ஊர்வரலாறு என்று தொடங்கினால் அது சாதிப்பெருமையில் போய் முடியும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை நியாயமானதே. ஜெர்மனியிலும் அதுதான் நடந்தது. பிறந்த மண்ணைக் குறிக்கும் ‘ஹைமாட்’ என்ற அழகிய சொல்லை நாஜிகள் கையிலெடுத்துக் கறைப்படுத்தினர். போருக்குப் பின் எழுதப்பட்ட ஊர்நூல்கள் பல 1933 முதல் 1945 வரையிலான பக்கங்களை விரைவாகப் புரட்டிவிட்டு நகர்ந்தன. தெருவில் இருந்த யூதர் வீடுகள் என்னவாயின என்று கேட்கவில்லை. எட்கர் ரைட்ஸ் 1984இல் அதே சொல்லைத் தலைப்பாக்கி, ஷாபாக் என்ற கற்பனைச் சிற்றூரைக் கொண்டு பதினோரு பகுதிகளாக எடுத்த மாபெரும் படத்தின் மீதும் இக்குற்றச்சாட்டு எழுந்தது. கேட்கத் தொடங்கியவர்களும் அந்நாட்டில் இருந்தார்கள். பல ஊர்களில் பள்ளி மாணவர்களே பழைய பதிவேடுகளைத் தோண்டினார்கள். சேரியை விட்டுவிட்டு எழுதப்படும் தஞ்சை ஊர்வரலாறு எதுவும் எனக்கு வேண்டாம். 44 உயிர்கள் எரிந்த கீழ்வெண்மணியின் (1968) மாவட்டம் அன்று இதுதான்.

ஆவணங்களைப் படித்தறியும் முறையை நமக்குக் கற்றுத்தந்தவர்களுள் ஒருவரும் ஜெர்மானியரே. டிரெஸ்டனில் பிறந்த ஹூல்ஷ் 1886இல் அரசின் கல்வெட்டறிஞராக அமர்ந்து, 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியைத் தொடங்கிவைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படி எடுத்துப் பதிப்பித்தவரும் அவர்தாம். 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நான் தமிழ் கற்பிப்பவன். எங்கள் துறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகளைப் பார்க்கிறேன். ‘இன்னாரின் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள்’ நூறு உண்டு. தன் ஊர் வாய்க்காலின் பெயர்களை, மதகுகளை, முறைப்பாசன ஏற்பாட்டை எழுதிய ஆய்வேடு அரிதினும் அரிது. அம்மாணவர்களில் பாதிப்பேர் டெல்டா ஊர்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். ‘கீதாரி’ நாவலைப் பாடமாகப் படிப்பார்கள். தங்கள் வயலில் கிடை போட வந்தவரிடம் ஊர் கேட்டிருக்க மாட்டார்கள். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியின் தலை முதல் கடைவரை போய் ‘நடந்தாய் வாழி காவேரி’யை எழுதினார்கள். முழு ஆறும் வேண்டாம். ஒரு வாய்க்காலுக்கு ஒரு மாணவர் போதும்.

நாள் அதிகமில்லை. மா, குழி என்று வயலளந்து சொன்ன தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. 1924 வெள்ளத்தைக் கண்டவர் எவரும் இன்றில்லை. கண்டவரிடம் கேட்டறிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். படுகைக்கும் திடலுக்கும் இருந்த தனிப்பெயர்கள் பட்டாவில் எண்களாகிவிட்டன. வரும் கோடையில் வகுப்புகள் முடிந்ததும், ஏழூரில் ஓர் ஊருக்கு நான்கு மாணவர் வீதம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். முதல் வேலை கோயிலில் இல்லை. நீர்பாய்ச்சும் ஆட்களோடு ஒரு நாள் நடந்து, மதகுகளின் பெயரைக் கேட்டு எழுதிவர வேண்டும்.