கோழிக்கும் உண்டு சொட்டு மருந்து... பாதுகாப்பு நம் தட்டுக்கு!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். அவற்றில் இருக்கும் இளம்பெண்களில் பலர் வெளியூர்க்காரர்கள். வேலை தொழிற்சாலையில், தங்குவது விடுதியில். ‘முட்டை சரியா வேகலையே’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க, எதிரில் இருப்பது அம்மா இல்லை. தட்டில் விழுவதை நம்பித்தான் சாப்பிட வேண்டும்.

2021 டிசம்பரில் அந்த நம்பிக்கை உடைந்தது. விடுதி உணவைச் சாப்பிட்ட 250-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. அந்தச் சம்பவத்துக்கும் கோழிக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால், ஆயிரக்கணக்கானோருக்கு மொத்தமாகச் சமைக்கும்போது ஒரு சிறு தவறு எவ்வளவு பேரைப் படுக்க வைக்கும் என்பதை அது காட்டியது.

கோழியும் முட்டையும் சமைக்கும் இடங்களில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய கிருமி, சால்மொனெல்லா. இது கோழியின் குடலில் வாழும். பெரும்பாலும் கோழி ஆரோக்கியமாகவே தெரியும். எச்சம் வழியாக முட்டை ஓட்டில் ஒட்டும். இதில் ஒரு வகை, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். அதனால், ஓட்டைக் கழுவினால் மட்டும் போதாது.

குடலிலேயே தடுப்பு

குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதைப் போலத்தான் இதுவும். வீரியம் குறைக்கப்பட்ட சால்மொனெல்லா கிருமியைக் குடிநீரில் கலந்து கோழிகளுக்குக் கொடுக்கிறார்கள். கிருமி நுழையும் இடமான குடலிலேயே எதிர்ப்பு சக்தி உருவாகிறது. முட்டைக்கோழிக்குக் குஞ்சாக இருக்கும்போதே தொடங்கி, முட்டையிடும் பருவத்துக்கு முன்பாகச் சில தவணைகள் கொடுக்கப்படும். தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. இருந்தால் மருந்து செத்துவிடும்.

பிரிட்டனில் 1988-ல், நாட்டின் பெரும்பகுதி முட்டைகளில் சால்மொனெல்லா இருப்பதாக இணை அமைச்சர் எட்வினா கரி சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. அவர் பதவியும் போனது. 1998 முதல் ‘சிங்க முத்திரை’ பண்ணைகளில் தடுப்பு மருந்து கட்டாயமானது. முதலில் ஊசி, பிறகு வாய்வழி மருந்தும் வந்தது. கூடவே பண்ணைச் சுகாதாரமும் சேர, பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. 2017-ல், அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகள்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசு அமைப்பே அறிவித்தது.

வாய்வழி மருந்து நமக்கும் புதிதல்ல. ராணிக்கெட் எனும் கோழிக்கழிச்சல் நோய்க்கு, புறக்கடைக் கோழிகள் கொத்தித் தின்னும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ராணிக்கெட் வைரஸ் நோய்; சால்மொனெல்லா பாக்டீரியா. கிருமி வேறானாலும், ஊசி இல்லாமல் வாய்வழியே கொடுக்கும் வசதி ஒன்றுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நோய் வராவிட்டால் ஆன்டிபயாடிக் தேவையும் குறையும். மனிதர்களின் உயிர்காக்கும் கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டினைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது நினைவிருக்கலாம்.

சமையலறையில்...

தடுப்பு மருந்து கிருமியைக் குறைக்கும், முழுவதும் ஒழிக்காது. எனவே, பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவித் தெறிக்க விடாதீர்கள். கறி வெட்டிய பலகையில் வெங்காயம், வெள்ளரி நறுக்காதீர்கள். கறியின் நடுப்பகுதி வரை நன்றாக வேக வேண்டும். முட்டையில் வெள்ளையும் மஞ்சளும் இறுக வேண்டும்.

கேன்டீன், விடுதி நடத்துகிறவர்கள் அடுத்த லோடு இறங்கும்போது விலையோடு சேர்த்து ஒன்றைக் கேட்கலாம்: “இந்தப் பண்ணைக் கோழிகளுக்கு என்னென்ன தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறீர்கள்?”