ஒரு நாளில் கண்டி

நம் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு சடங்காகி வருகிறது. இகழ்வதற்காக இவ்வாறு கூறவில்லை. பொருள் மறந்து செயல் மட்டும் நிலைத்துவிட்ட ஒன்றனை வேறு எப்பெயரால் அழைப்பது?

நான் பல்லேகலையில் வாழ்பவன். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலிருந்து மகியங்கனை வழியாக மலையேறி வரும் மாணவர் பஸ்கள் எங்கள் ஊர்ச் சாலையாலேயே கண்டிக்குச் செல்கின்றன. இருட்டும் வேளையில் பாட்டொலியோடு திரும்புகின்றன. அம்மாணவர் சிலரோடு உரையாடும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிட்டியதுண்டு. என்ன கண்டீர்கள் என்று வினவினால், தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூந்தோட்டம், கடைத்தெரு என நான்கு பெயர்கள் வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. "அது அவர்களுடைய நகரந்தானே, ஐயா" என்றான் ஒரு மாணவன். 'அவர்களுடைய' என்னும் அந்தச் சொல்லைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

அம்மாணவன் வந்த வழியிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. அவனுடைய பஸ் கடந்து வந்த மெதமகாநுவரப் பகுதியிலேதான் கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டான். பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே உயிர் நீத்தான். பல்லேகலையை அடுத்துள்ள குண்டசாலை, நரேந்திரசிங்க மன்னன் விரும்பி உறைந்த இடம். 1739இல் அவன் மறைந்தபின், அவனுடைய தேவியின் சகோதரன், தென்னிந்திய நாயக்கர் குலத்தவன், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அவ்வழியில் அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனோ, 1753இல் சீயத்திலிருந்து துறவியரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த பௌத்த உபசம்பதை மரபுக்கு மீண்டும் உயிரளித்தவன். இம்மன்னர்களை 'நம்மவர்' என்பதா, 'அவர்கள்' என்பதா? இவ்விரு சொற்களிலும் அடங்காதது கண்டியின் வரலாறு.

நகருக்குள் வருவோம். தலதா மாளிகையின் அருகே நாதர், விஷ்ணு, பத்தினி ஆகியோரின் தேவாலயங்கள் உள்ளன; கதிர்காம தெய்வத்தின் தேவாலயம் சற்று அப்பால். எசல பெரஹராவில் தலதா மாளிகை ஊர்வலத்தோடு இந்நான்கின் ஊர்வலங்களும் செல்கின்றன. பத்தினி யார்? மட்டக்களப்பு மாணவன் தன் ஊரில் வைகாசித் திங்களில் குளிர்த்திச் சடங்கு கண்டு வணங்கும் கண்ணகி அம்மனே! அவ்வாயிலைக் கடந்து அவன் கடைத்தெருவுக்கு விரைகிறான். நின்று பார் என்று கூறுவார் இல்லை.

சிறிது தூரத்தில், 1344இல் எழுந்த லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டுள்ளது. அதே ஆண்டைச் சேர்ந்த கடலாதெனிய விகாரையைக் கல்லில் சமைத்த சிற்பி கணேசுவராச்சாரி என்னும் தென்னாட்டவன். 1815 மார்ச் 2ஆம் நாள் அரசவை மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, பிரதானிகள் சிலரின் ஒப்பங்களில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றன.

இவற்றை எடுத்துக் கூறுவது உரிமைப் பத்திரம் எழுதுவதற்காக அன்று. 'இதுவும் எம்முடையதே' என்று மார்தட்டும் மாணவன், 'அது அவர்களுடையது' என்று ஒதுங்கும் மாணவனைவிடச் சிறிதும் கற்றவன் ஆகான். அயலான் வீடு என்ற கூச்சமும் வேண்டாம். என் வீடு என்ற செருக்கும் வேண்டாம். பலர் கூடிக் கட்டிய வீடு என்னும் அறிவு போதும்.

அவ்வறிவு இனியவற்றை மட்டும் காண்பதால் வாராது. வாவியின் அழகில் மயங்குவோர், அதனை வெட்ட மன்னன் வாங்கிய கட்டாய உழைப்பையும், அதனால் எழுந்த மனக்கசப்பையும் அறிய வேண்டும். 1814இல் எஹலபொலையின் மனைவி மக்கள் கொல்லப்பட்ட கொடுமையையும் மறைத்தல் ஆகாது. ஜெர்மனியின் வைமார் நகரம் கதேயும் ஷில்லரும் வாழ்ந்த பெருமை உடையது; அதன் அருகிலுள்ள குன்றிலேதான் 1937இல் நாஜிகள் புக்கன்வால்ட் வதைமுகாமை அமைத்தனர். கவிஞர் இல்லமும் வதைமுகாமும் இரண்டுமே இன்று மாணவர் சென்று கற்கும் இடங்கள். ஒரு நகரை அறிதல் என்பது அதன் புகழையும் பழியையும் சேர்த்து அறிதலே.

ஒரே நாளில் இவ்வளவும் இயலுமா என்று ஆசிரிய அன்பர்கள் வினவலாம். இயலாது, இயல வேண்டியதும் இல்லை. பத்து இடங்களைக் கண்ணால் தொட்டு ஓடுவதை விடுத்து, மூன்று இடங்களில் நின்று பார்க்கட்டும். புறப்படுமுன் ஒரு வாரம் வகுப்பில் அவ்விடங்களைப் பற்றிப் படிக்கட்டும். தமிழ் மாணவர் சிங்கள மாணவரோடு சேர்ந்து வர வழி உண்டாயின், லங்காதிலகப் பாறையின் முன் இருசாராரையும் நிறுத்தி, ஒருவர்க்கொருவர் தத்தம் எழுத்தைக் காட்டச் செய்யலாம். அதனினும் நல்ல சரித்திர பாடத்தை நான் அறியேன்.

பெற்றோர் அரிதாகச் சேர்த்த பணம் இச்சுற்றுலாக்களுக்குச் செலவாகிறது. அதற்கு ஈடாகப் பிள்ளைகள் கண்டிக் கடைத்தெருப் பொம்மையோடு மட்டும் வீடு திரும்புதல் தகுமா என்பதை ஆசிரியப் பெருமக்களே சிந்திப்பார்களாக.