பழைய எலக்ட்ரிக் காரில் பேட்டரி போனால் யார் பொறுப்பு? 8 வருஷம் முடிந்ததும் கைவிரிக்குமா கம்பெனிகள்!

விழுப்புரம்:
புது எலக்ட்ரிக் கார் வாங்க வசதி இல்லாதவர்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். விலை மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டரி படுத்துவிட்டால் என்ன கதி?

ஹூண்டாய் கோனா 2019 ஜூலையிலும், டாடா நெக்சான் எலக்ட்ரிக் கார் 2020 ஜனவரியிலும் விற்பனைக்கு வந்தன. இரண்டுக்குமே பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1.60 லட்சம் கிலோ மீட்டர். முதலில் வாங்கியவர்களுக்கு 2027, 2028-ல் கெடு முடிகிறது.

சட்டமாவது கைகொடுக்குமா என்றால் அதுவும் சந்தேகம்தான். கோளாறு உள்ள வண்டிகளை கம்பெனி திரும்ப அழைக்க கட்டாயப்படுத்தும் விதி 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனால் 7 வயதுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் அது செல்லும். பேட்டரி மக்கர் பண்ணுவதே அதற்கப்புறம்தானே!

2025-ல் டாடா, 45 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள நெக்சானுக்கு 15 வருஷ வாரண்டி அறிவித்தது. அதுவும் முதல் உரிமையாளருக்கு மட்டும். 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரியோடு 2020-ல் வந்த வண்டிக்கு அந்த யோகம் இல்லை. முதன்முதலில் நம்பி வாங்கினவனுக்கு இதுதான் மரியாதையா?

கம்பெனிகளால் முடியாது என்பதெல்லாம் சும்மா. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2021-ல் சுமார் 1.4 லட்சம் போல்ட் கார்களை திரும்ப அழைத்தது. தீப்பிடிக்கும் அபாயம்தான் காரணம். மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு புதிதாக 8 வருஷ வாரண்டியும் தந்தது. செலவில் பெரும்பகுதி பேட்டரி தயாரித்த எல்.ஜி. தலையில் விழுந்தது.

வெயில் விவகாரமும் உண்டு. அரிசோனா பாலைவன வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி சீக்கிரமே வீக் ஆனது. ஓனர்கள் போராடிய பிறகு, 2012 கடைசியில், பேட்டரியின் கொள்ளளவுக்கே 5 வருஷ உத்தரவாதம் கொடுத்தது நிசான். நம்ம திண்டிவனம் பக்க மே மாத வெயிலும் லேசுப்பட்டதல்ல.

பனமலை, அன்னியூர் பக்கம் ஒரு கார் நின்றுபோனால் உள்ளூர் மெக்கானிக் கை வைக்க முடியாது. 300 வோல்ட்டுக்கு மேல் உள்ள பெட்டி, உயிருக்கே ஆபத்து. வண்டியில் ஏற்றி டவுனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே போனால் "முழு பேட்டரியையும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டால்? காரிலேயே விலை அதிகமான பாகம் அதுதான். உள்ளே பல செல் சேர்ந்த மாட்யூல்கள் இருக்கின்றன. கெட்டுப்போன மாட்யூலை மட்டும் மாற்ற வழி செய்து, அதன் விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கை மாறினாலும் வாரண்டி தொடர வேண்டும். பழைய மாடலுக்கும் ஸ்பேர் நிறுத்தக் கூடாது.

அதுவரை, பழைய எலக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.