மொழிபெயர்ப்பாளரின் பொழுது

புனே நகரத் தெருக்களில் தமிழ் எழுத்தைக் காண்பது அரிது. ஆயினும், உலகெங்கும் உள்ள லினக்ஸ் கணினிகளின் திரையில் பல ஆண்டுகளாகத் தமிழைக் காட்டிவந்த எழுத்துரு ஒன்று இந்நகரோடு நெருங்கிய தொடர்புடையது. அதன் பெயர் லோகித். சிவப்பு எனப் பொருள்படும் வடசொல் அது. அதனை வெளியிட்ட ரெட் ஹேட் நிறுவனத்தின் பெயரிலும் சிவப்பு உண்டு. 2004ஆம் ஆண்டில் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளுக்கு வெளிவந்த இவ்வெழுத்துருவைப் பின்னர் அந்நிறுவனத்தின் புனே அலுவலகத்தினர் பேணி வளர்த்தனர். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்பதே அதன் உரிமம்.

எழுத்துரு மட்டும் இருந்தால் கணினி தமிழில் பேசிவிடாது. பொத்தான்களிலும் பட்டியல்களிலும் எச்சரிக்கைகளிலும் வரும் ஒவ்வொரு சொற்றொடரையும் எவரேனும் தமிழாக்க வேண்டும். மூலநிரலை அனைவருக்கும் திறந்து வைக்கும் மென்பொருள்களில் இப்பணியைச் செய்வோருள் பலர் தன்னார்வலர்கள். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவுடன் 2003 முதல் வெளிவரும் ஃபெடோரா என்னும் இயங்குதளம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்காக உழைப்போருள் ஊதியம் பெறுவோரும் உண்டு. இரவு உணவிற்குப் பின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைக் கொடுப்போரும் உண்டு.

இத்தகைய குழுவை ஒருங்கிணைப்பவரின் வேலை என்ன? பலரையும் விரட்டி வேலை வாங்குவதே என்று பொதுவாகக் கருதுவர். ஊதியமே இல்லாதவரை விரட்டினால் அவர் மறுநாள் வரமாட்டார், அவ்வளவுதான். பிறர் கொடுத்த நேரம் வீணாகாமல் காப்பதே ஒருங்கிணைப்பவரின் முதற்கடமை. தமிழ் போன்ற மொழிகளுக்கு இக்கடமை மிகவும் இன்றியமையாதது.

காரணம், மொழிபெயர்ப்பாளர் வரிசையின் கடைசியில் நிற்பவர். நிரல் எழுதுவோர் முடித்த பின்பே அவருடைய வேலை தொடங்கும். அவர்க்கு ஐயம் எழுந்தால் கேட்பதற்கும் ஆள் எளிதில் கிடைப்பதில்லை. ரெட் ஹேட் நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவின் ராலி நகரில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணி எனில், புனேயில் மறுநாள் அதிகாலை மூன்றரை மணி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரமோ புனேக்கு நாலரை மணி நேரம் முந்தியது. ஓர் ஊரில் உறங்குபவர் மற்றோர் ஊரில் எழுந்த கேள்விக்கு உடனே விடை கூற இயலாது.

கேள்விகளோ எளியவை அல்ல. ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்னும் ஒற்றைச் சொல் பொத்தானில் வருகிறது. அது 'திற' என்னும் ஏவலா, 'திறந்துள்ளது' என்னும் நிலையா? சொல்லை மட்டும் பார்த்து அறிய முடியாது. கோப்பைச் சேமிக்கும் பொத்தானில் 'சேமி' என்று எழுதுவதா, 'சேமிக்கவும்' என்று எழுதுவதா? மனிதர் கணினிக்கு இடும் கட்டளை எனில் 'சேமி' போதும். கணினி மனிதரிடம் விடுக்கும் வேண்டுகோள் எனில் மரியாதை தேவை. ஒருவர் 'கணினி' என எழுத, இலங்கையிலிருந்து மற்றொருவர் 'கணனி' என எழுதுவார். இவற்றை எல்லாம் பேசித் தீர்த்து, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதற்குள் வாரங்கள் கழிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பின், நிரலாளர் ஒருவர் மூல ஆங்கிலத் தொடரில் ஒரு சொல்லை மாற்றுகிறார் எனக் கொள்வோம். அவர் அழகுக்காகச் செய்த சிறு திருத்தம் அது. ஆனால் பல மென்பொருள்களில், மூலத் தொடர் மாறினால் அதன் மொழிபெயர்ப்பு 'ஐயத்திற்குரியது' என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். மீண்டும் ஒருவர் சரிபார்க்கும் வரை திரையில் ஆங்கிலமே தோன்றும். நிறைய ஆட்கள் உள்ள மொழிகள் ஓரிரவில் ஈடுகட்டிவிடும். விரல்விட்டு எண்ணத்தக்கோரே உழைக்கும் மொழிக்கு அது இயலுமா? அப்பதிப்பைப் பயன்படுத்தும் தமிழ்ச் சிறுவன் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திரையைக் காண்பான். தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்றும் எண்ணிக்கொள்வான். குற்றம் மொழியினுடையது அன்று, காலந்தவறிய திருத்தத்தினுடையது என்பதை அவனுக்கு யார் கூறுவர்?

இதனைத் தடுக்கவே ஒரு நாளைக் குறிக்கிறார்கள். அந்நாளுக்குப் பின் மூலத் தொடர்களை மாற்றக் கூடாது. மாற்றியே தீரவேண்டும் எனில் மொழிபெயர்ப்பாளரிடம் முன்னதாகக் கேட்க வேண்டும். 'ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்' என்று மென்பொருளாளர் இதனை அழைப்பர். சொற்றொடர் நிறுத்தம் எனலாம்.

தவறான தொடரைக் கண்டும் திருத்தாமல் விடுவதா என்று சில நிரலாளர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. பயனரைத் தவறான வழியில் செலுத்தும் தொடரைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அப்போது வெளியீட்டு நாளையும் தள்ளிவைக்கும் துணிவு வேண்டும். ஃபெடோராவில் அத்துணிவு இல்லாமல் இல்லை. வெளியீட்டுக்கு முன் பொறுப்பாளர்கள் கூடி, முன்பே எழுதிவைத்த தகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'வெளியிடலாம்' அல்லது 'பொறுக்கலாம்' என முடிவெடுப்பர். அதன் 18ஆம் பதிப்பு 2012 நவம்பரில் வந்திருக்க வேண்டியது. நிறுவும் பகுதி புதிதாக எழுதப்பட்டு முதிராமல் இருந்தமையால் பன்முறை தள்ளிவைக்கப்பட்டு, 2013 ஜனவரி 15 அன்றுதான் வெளிவந்தது. நிரலின் பிழைக்காக இரண்டு மாதம் காத்திருக்க இயலும் எனில், மொழியின் பொருட்டு ஒரு வாரம் காத்திருப்பதும் இயலக்கூடியதே.

நாள் குறிக்காமலே நடக்கும் தன்னார்வப் பணிகளும் உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், பல நாட்டுத் தமிழரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. அங்கே ஒரு நூல் இம்மாதம் முடியாவிடில் அடுத்த மாதம் முடியும். மென்பொருளுக்கு அவ்வாய்ப்பு இல்லை; ஆறு மாதத்தில் அடுத்த பதிப்பு வந்துவிடும்.

2011 நவம்பர் 4 முதல் 6 வரை, புனே பொறியியல் கல்லூரியில் ஃபெடோரா தன்னார்வலர்களின் மாநாடு நடைபெற்றது. அது முடிந்த இரண்டாம் நாள், நவம்பர் 8 அன்று, 16ஆம் பதிப்பு வெளியாயிற்று. அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 26. வெளியீட்டுக்கு முந்தைய நெருக்கடியான வாரங்கள் பலருக்கும் பண்டிகை வாரங்களாகவும் இருந்தன. நாட்காட்டியை விரிக்கும் ஒருங்கிணைப்பாளர், நிறுத்த நாளுக்கும் மொழிபெயர்ப்பின் இறுதி நாளுக்கும் இடையே எத்தனை வார இறுதிகள் உள்ளன என்பதை முதலில் எண்ண வேண்டும். தன்னார்வலருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அந்தச் சனியும் ஞாயிறுமே. அவற்றுள் ஒன்று தீபாவளியோ ரம்ஜானோ கிறிஸ்துமஸோ ஆனால், அதனைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.