அபராதத்தை உயர்த்தினால் அடங்குமா இரைச்சல்?

மாநகரங்களில் ஒலி விதிமீறல்களுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதன் நோக்கத்தில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால், தொகையை உயர்த்தினாலே இரைச்சல் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையை, நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், மீறுவோருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்திருந்தது. 2023-இல் நிறைவேறிய ஜன் விஷ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை என மாற்றியது. உச்சவரம்பு 15 மடங்கு உயர்ந்த பின்னும் ஒலிபெருக்கிகள் தணிந்துவிடவில்லை.

காரணம் எளிது. 1968-இல் பொருளியலாளர் கேரி பெக்கர் விளக்கியதுபோல, விதியை மீறுபவர் அபராதத் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. பிடிபடும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறார். ஆயிரத்தில் ஒருவர் மட்டுமே பிடிபடுவார் என்றால், ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தின் உண்மையான சுமை வெறும் 100 ரூபாய். இருவரில் ஒருவர் பிடிபடுவார் என்றால், 5,000 ரூபாய் அபராதம்கூட 2,500 ரூபாய்ச் சுமையாகிவிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தைச் சேவைக்கான கட்டணமாகப் பெற்றோர் கருதிவிட்டனர் என்று 2000-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. நம் திருமண மண்டபங்களும் அபராதத்தை வாடகைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட எவ்வளவு நேரமாகும்?

விதியிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. பகல்நேர இரைச்சல் வரம்பை 10 டெசிபலாவது தாண்டினால்தான் குடிமகன் புகார் தர முடியும். டெசிபல் அளவுகோலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. குடியிருப்புவாசி புகார் தர 65 டெசிபல் வரை காத்திருக்க வேண்டும். அது வணிகப் பகுதிக்குரிய பகல்நேர வரம்பு!

எனவே, செய்ய வேண்டியவற்றின் வரிசை வேறு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலி அளவுமானியும் அதைக் கையாளப் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும். புகார்தாரரின் பெயர் வெளியே தெரியக் கூடாது. அண்டை வீட்டாரின் பகைக்கு அஞ்சியே பலர் வாய்மூடி இருக்கின்றனர். முதல்முறை அபராதம், மறுமுறை கருவிகள் பறிமுதல், மூன்றாம் முறை மண்டபத்தின் உரிமம் நிறுத்தம் என்று தண்டனை படிப்படியாக ஏற வேண்டும். அரசியல் கூட்டம், கோயில் திருவிழா, அரசு விழா எதற்கும் இதில் விலக்குக் கூடாது.

வசதியுள்ளவர் சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்வார். ஓட்டு வீட்டு நோயாளிக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த வழியில்லை. இரைச்சலின் விலையை இன்று செலுத்துபவர்கள் அவர்கள்தாம். அதை எழுப்பியவரிடமே வசூலிக்கும் உறுதி நிர்வாகத்துக்கு வராதவரை, எத்தனை லட்சம் அபராதமும் அரசிதழோடு நின்றுவிடும்.