சால்வை போர்த்துவதற்கு முன்



வருகிற அறுப்பின் பண்டிகையன்று, நம் ஆலயத்துக்குப் பின்புறமுள்ள மாநகராட்சிப் பூங்காவைப் பராமரித்துவரும் தன்னார்வலர்களை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, கேடயம் வழங்கிக் கனம்பண்ண வேண்டும் என்று சபைக் கமிட்டியில் ஒரு யோசனை வைக்கப்பட்டது. வைத்தவர்களின் நோக்கம் நல்லதே. ஆயினும் நான் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர்கள் செய்கிற வேலை இன்னதென்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஞாயிறு காலை ஆராதனைக்கு வேதாகமமும் கையுமாகப் பூங்காவின் ஓரமாக நடந்துவரும்போது, பத்துப் பன்னிரண்டு பேர் மண்ணில் குனிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மரம் நடுகிறார்கள் என்று எண்ணியிருப்பீர்கள். நடுவது அவர்கள் வேலையில் மிகச் சிறிய பங்கு. நடுவதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை; புகைப்படக்காரரோடு பலர் வருவார்கள், நாமும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறோம். நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் கிடைப்பதில்லை. வேரடியில் பாத்தி கட்டுவது, உதிர்ந்த இலைகளை எரிக்காமல் மூடாக்காகப் பரப்புவது, ஆடு கடித்த கன்றுக்கு மறுபடியும் வேலி வைப்பது, காப்பதற்காகப் போட்ட இரும்புக் கூண்டே வளர்ந்த மரத்தின் தண்டை இறுக்கத் தொடங்கும்போது அதை அறுத்தெடுப்பது, நேற்று இரவு வீசப்பட்ட தட்டுகளையும் போத்தல்களையும் பொறுக்குவது: இவைதான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தேவன் மனிதனை ஏதேனில் வைத்தபோது அவனுக்குக் கொடுத்த வேலை இரண்டு. ஒன்று, தோட்டத்தில் உழைப்பது. மற்றொன்று, அதைக் காப்பது. எபிரெய மூலத்தில் இந்த இரண்டு வினைச்சொற்களும் எண்ணாகமம் மூன்றாம் அதிகாரத்தில் மறுபடியும் சேர்ந்து வருகின்றன. அங்கே அவை தோட்டத்தைப் பற்றியவை அல்ல; ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்யவேண்டிய ஊழியத்தைப் பற்றியவை. தோட்டவேலைக்கும் பரிசுத்த ஸ்தலத்தின் ஊழியத்துக்கும் வேதம் ஒரே சொற்களைப் போதுமென்று எண்ணியிருக்கிறது. வேதாகமக் கல்லூரியில் இதைப் படித்தவன் நான். படித்துவிட்டு, வேலிக்கு அந்தப்புறம் நடப்பதைத் திரும்பிப் பாராமல் பல ஆண்டுகள் பிரசங்கபீடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன்.

நம் நகரத்தில் இப்படிக் காப்பவர்கள் இந்தச் சிறு குழுவினர் மட்டும் அல்லர். சென்னையில் 2005ஆம் ஆண்டு 'நிழல்' என்னும் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. மறுவருடமே அதன் தன்னார்வலர்கள் கோட்டூர்புரத்தில், பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகே, குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த இடத்தை மரப்பூங்காவாக மாற்றும் வேலையில் இறங்கினார்கள். இந்த மண்ணுக்குரிய மரங்களாகப் பார்த்து வைத்தார்கள். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே நிற்கும்போது காலடியில் முன்பு என்ன கிடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் நம் தெருக்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் ஓட இடமில்லாதபடி அடிமரம் வரையிலும் சிமெண்டு பூசப்பட்டிருந்த மரங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும்? நாம் மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், சாய்ந்த மரங்களில் எவற்றையாவது நிமிர்த்தி மறுபடியும் வேரூன்றச் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டு சிலர் நடந்தார்கள். பின்புறப் பூங்காவிலுள்ள பூவரசு அப்படி நிமிர்த்தப்பட்டதே. அதன் நிழலில்தான் நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இன்று விளையாடுகிறார்கள்.

இனி நான் தயங்கிய காரணத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நம் எழுப்புதல் கூட்டங்கள் முடிந்த வாரத்தில், அந்தக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார் என் அலுவலக அறைக்கு வந்தார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. நம் சபையார் அல்ல. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே ஆணிகள், கம்பித் துண்டுகள், துருப்பிடித்த கொக்கிகள். பூங்காவிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் உள்ள மரங்களிலிருந்து பிடுங்கியவை. டியூஷன் விளம்பரம், வீடு வாடகைக்கு, அரசியல் கட்சிகள் என்று எல்லாருடைய ஆணியும் அதில் இருந்தது. ஓர் ஆணியில் அட்டைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. நம் கூட்டத்தின் தேதியும் என் பெயரின் பாதியும் அதில் தெரிந்தன.

அவர் குற்றம் சாட்டவில்லை. மரத்தின் உயிர் அதன் நடுவில் இல்லை, பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது என்றும், ஆணி அதைத்தான் துளைக்கிறது, அந்தத் துளை வழியாகப் பூஞ்சை உள்ளே போகிறது என்றும் மாணவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தேநீர் அருந்தினார். டப்பாவை என்னிடமே விட்டுச் சென்றார். ஆணிகளைக் குறித்துப் பெரிய வெள்ளிதோறும் மூன்று மணி நேரம் பேசுகிறவன் நான். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்த அம்மையாரைத்தான் மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தப் போகிறோம். அவர் வருவார், புன்னகைப்பார், அமர்ந்திருப்பார். அடுத்த கூட்டத்துக்கு நாம் மறுபடியும் ஆணி அடித்தால், சால்வையை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் பிடுங்குவார்.

நெகேமியாவின் புஸ்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை. பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப்போகிறோம். இடிந்த நகரத்தின் அலங்கத்தில் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்பதே அந்த அதிகாரம். தட்டார் வருகிறார்கள், பரிமளத்தைலம் செய்கிறவர் வருகிறார், ஒரு தலைவர் தம் குமாரத்திகளோடு வருகிறார், தன் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கைக் கட்டியவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த கனமெல்லாம், செய்த வேலை இன்னதென்று சரியாக எழுதிவைக்கப்பட்டதுதான். ஐந்தாம் வசனத்தில் தெக்கோவா ஊராரின் பெரியவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறது: அவர்கள் அந்த வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் நம் தெருவைப்பற்றி இன்று எழுதப்பட்டால் நம் சபையின் பெயர் எந்த வசனத்தில் வரும் என்று எனக்குச் சந்தேகமில்லை.

சிலர் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, அவர்களில் பலர் ஆண்டவரை அறியாதவர்கள். அறிந்தவர்களும் ஆராதனை நேரத்தில் பூங்காவில் நிற்கிறார்களே?" பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தை அவர்கள் மறுபடியும் வாசிக்கட்டும். அந்நிய நகரத்தின் சமாதானத்தைத் தேடும்படியும் அதற்காக ஜெபிக்கும்படியும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாம் வாழ்வதோ நம் சொந்த நகரம்.

வேறொரு கேள்வி இதைவிட நியாயமானது. வரி கட்டுகிறோம், பூங்காவைக் கவனிப்பது மாநகராட்சியின் வேலை அல்லவா என்பது. ஆம், அவர்களுடைய வேலைதான். தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு துப்புரவுப் பணியாளரின் இடம் குறைக்கப்படுமானால் நான் அதை எதிர்ப்பேன். நாம் கனம்பண்ண நினைத்தவர்களின் பட்டியலில், தினமும் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு நடக்கிற ஒப்பந்தத் தோட்டக்காரரின் பெயர் இல்லாததையும் கமிட்டியார் கவனிக்க வேண்டும். தன்னார்வலர்களிடம் கேட்டால் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஆகையால் கமிட்டிக்கு நான் சொல்லியிருப்பது இது. நம் கூட்ட அறிவிப்புகள் இனி ஒரு மரத்திலும் அடிக்கப்படாது. நம் சுற்றுச்சுவர் போதும். பண்டிகை விருந்தைப் பூங்காவில் வைப்பதானால் வாழையிலைதான், அவற்றைத் திரும்ப எடுத்துவருவதும் நம் பொறுப்பு. சால்வையைப்பற்றி அடுத்த ஆண்டு பேசலாம்.

இதற்கிடையில் அந்த அம்மையாரிடம் நேரே போய், உங்களுக்கு என்ன குறைவு என்று கேட்டேன். ஞாயிறு காலைக்கு ஆள் வந்துவிடுகிறார்கள், சனிக்கிழமை மாலை தண்ணீர் ஊற்றத்தான் ஆள் போதவில்லை என்றார். சனிக்கிழமை மாலை நமக்கு ஆராதனை இல்லை. இந்த வாரம் ஐந்து மணிக்கு நான் பூங்காவின் கிழக்கு வாசலில் இருப்பேன். வாளி அங்கேயே இருக்கிறது; பழைய செருப்பு போட்டு வாருங்கள்.