கண்ணாடிக்கு விலை, கறைக்குச் சமாதானம்

ப்ரூஃப் நாணயம் வாங்குகிறவர்கள் சின்னப் புள்ளிக்கெல்லாம் கூச்சலிடுகிறார்கள் என்றொரு முணுமுணுப்பு நாணய ஆர்வலர்கள் நடுவிலேயே கேட்கிறது. ராஜராஜன் செப்புக்காசில் அச்சு விலகி, நிற்கும் அரசனின் பாதி உருவமே விழுந்திருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்கள். புது வெள்ளிக்காசில் ஊசிமுனை அளவு கறைக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் இரண்டு வேறு பொருள்களை ஒரே தராசில் நிறுத்துகிறது.

சோழன் காசு சந்தைக்குப் போன காசு. உப்பும் நெல்லும் வாங்கியது; ஆயிரம் விரல்கள் தேய்த்தன. அந்தத் தேய்மானம் அதன் வரலாறு. சுத்தியலால் அடித்தவன் யாருக்கும் கண்ணாடிப் பளபளப்பை வாக்களிக்கவில்லை. ப்ரூஃப் நாணயமோ எந்தக் கடைக்கும் போகாது. மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வில்லையை வைத்து, ஒரு முறைக்கு மேல் அழுத்தி, தளம் கண்ணாடியாகவும் உருவம் பனிபடிந்தாற்போலவும் தெரியும்படி செய்வதே அதன் இலக்கணம். முகமதிப்பு நூறு ரூபாய் என்றால் நாம் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. உள்ளிருக்கும் வெள்ளியின் விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சப் பணம் பெரும்பாலும் அந்த வேலைப்பாட்டுக்குத்தான். வேலைப்பாடு இல்லையென்றால் எதற்காகக் கொடுத்தோம்?

நாங்கள் எழுதுவது தொரப்பள்ளியிலிருந்து. ராஜாஜி 1878இல் பிறந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். (அவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நாட்களிலும் மக்கள் கையில் புழங்கியது ஆறாம் ஜார்ஜின் தலை போட்ட காசுதான், சிங்க முகப்பு நாணயங்கள் வந்தது 1950 ஆகஸ்டில். இது வேறு கதை.) எங்களில் பாதிப்பேர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் 1980களில் கடிகார ஆலையை நிறுவிய ஊர் ஓசூர். டயலில் ஒரு தூசு இருந்தாலும் அது ரிஜெக்ட் என்பதை இங்கே பிளஸ் டூ முடித்து வேலைக்குச் சேர்ந்த பையனும் அறிவான். அவனிடம் போய், ‘இதெல்லாம் தயாரிப்பில் சகஜம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கடந்த சில ஆண்டுகளில் பல நாட்டு நாணயச்சாலைகளின் பெட்டிகளைப் பிரித்திருக்கிறோம். பெயர்கள் இங்கே வேண்டாம். கண்ணாடித் தளத்தில் மயிரிழைக் கீறல். மூடிய உறைக்குள் ஒரு பஞ்சிழை. தலைவரின் கன்னத்தில் பால் தெறித்தாற்போல் வெண்புள்ளி. எல்லாவற்றிலும் கொடியது கைரேகை. கட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. விரலின் எண்ணெயும் உப்பும் மெல்ல வேலை செய்து, மாதங்கள் கழித்துப் பழுப்பாய் எழும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு தாண்டியிருக்கும். துடைத்துக்கொள்ளக் கூடாதா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ரூஃபைத் துடைத்தால் தளம் கீறும், மதிப்பு போகும். ஆக, குறை செய்தவர் திருத்த மாட்டார். வாங்கியவர் திருத்த முடியாது.

இதில் உலோகக் கலவையின் பங்கையும் பேச வேண்டும். 2003இல் காமராஜருக்கும் பின்னர் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும் எம்.ஜி.ஆருக்கும் நம் அரசு வெளியிட்ட நூறு ரூபாய் நாணயங்களில் வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் விட்டம். புழக்கத்துக்கு வரும் காசென்றால் இந்தக் கலவையில் குற்றமில்லை, கடினமானது, உழைக்கும். ஆனால் பாதுகாத்து வைப்பதற்கென்றே விற்கும் பொருளில் இவ்வளவு செம்பைச் சேர்த்தால், காற்றிலும் அட்டைப் பெட்டியிலும் உள்ள கந்தகத்துக்கு விருந்து வைத்த மாதிரி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கென வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தில் வெள்ளியை 80 விழுக்காடாக உயர்த்த முடிந்ததே! கோயிலுக்கு ஒரு கணக்கு, காமராஜருக்கு ஒரு கணக்கா?

வெள்ளியைத் தூய்மையாக்கினால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வெண்புள்ளி தூய வெள்ளியில்தான் அதிகம் கண்ணில் படும். வில்லையைக் கழுவிய மருந்தின் எச்சம் உலையில் வெந்து ஒட்டிக்கொள்வதே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கனடா நாட்டுச் சாலையின் மேப்பிள் இலை நாணயங்கள் இதற்குப் பேர்போனவை. இத்தனைக்கும் அவை ப்ரூஃப்கூட அல்ல, முதலீட்டுக்காக வாங்கும் காசு. அங்கே இதை இயல்பு என்று ஒதுக்கிவிடவில்லை. புள்ளியைக் குறைக்கும் மேற்பரப்புத் தொழில்நுட்பம் ஒன்றை 2018இல் பெயர் சூட்டியே அறிமுகப்படுத்தினார்கள். குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தானே அதற்கு மருந்து தேட முடியும்?

பிழைக்காசுக்கு நீங்களே அதிக விலை கொடுக்கிறீர்களே என்று கடைசி அம்பை எய்வார்கள். உண்மைதான், கொடுக்கிறோம். அச்சு மாறி விழுந்த காசு அபூர்வம். நடந்த ஒரு விபத்துக்குச் சாட்சி. பெட்டிக்குப் பெட்டி வரும் கைரேகையில் என்ன அபூர்வம்? கையுறை மாட்டவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. உறையிடும் முன் ஒவ்வொரு காசையும் உருப்பெருக்கியில் ஒரு ஆள் பார்க்கட்டும். பார்த்தவரின் குறியீட்டு எண் சான்றிதழில் இருக்கட்டும். உறை பிரிக்காத நாணயத்தில் ஓராண்டுக்குள் கறை எழுந்தால், அஞ்சல் செலவை விற்றவரே ஏற்று மாற்றித் தரட்டும். ஓசூரில் ஒரு கைக்கடிகாரத்துக்கு உத்தரவாத அட்டை கொடுக்கிறார்கள். அது ஓடுகிற பொருள், தேய்கிற பொருள். பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் காசுக்கு அதே அட்டையைக் கொடுப்பதில் என்ன தயக்கம்?